60 மில்லி தாங்கும் துணி நாப்கின் ஓரத்தில் ஏன் கசிகிறது?

பவானிக்கரை

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் பவானிக்கு அருகே ஒரு கிராமம் எங்களுடையது. மகளிர் குழுவில் ஒன்பது பேர் சேர்ந்து எட்டு மாதமாகத் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் தைக்கிறோம். மேலே காடா துணி ஓர் அடுக்கு, நடுவில் துவாலைத் துணி மூன்று மடிப்பு, அடியில் நீர் புகாத பூச்சுத் துணி. இறக்கைகளில் பிரஸ் பட்டன். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துச் சுற்றிலும் ஓவர்லாக் அடித்து முடிப்போம்.

முதலில் தைத்ததை மேசையில் விரித்து, மருந்து அளக்கும் மூடியால் அளந்து 60 மில்லி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். அடியில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அந்தத் துணிச்சலில் 22 பெண்களுக்குக் கொடுத்தோம். அவர்களில் 14 பேர் கசிகிறது என்கிறார்கள். அடியில் அல்ல, பக்கவாட்டில். நாப்கின் பாதிகூட நனையாதபோதே கசிகிறதாம்.

கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வரும் பெண் ஒருத்தி தன்னுடையதைத் துவைத்து, காயவைத்து, செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, இது எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் என்ன நடந்திருக்கும் என்பதை நான் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

இன்னும் ஓர் அடுக்கு துவாலைத் துணி சேர்த்தால் சரியாகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இழைமானி

அம்மா, அடுக்கைக் கூட்டாதீர்கள். கொள்ளளவு உங்களுக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. பாதி நனைவதற்குள் ஓரத்தில் கசிகிறது என்றால், திரவம் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று பொருள். அடுக்கைக் கூட்டினால் தடிமன்தான் கூடும், கசிவு நிற்காது.

நான் பதினான்கு ஆண்டுகள் நெய்யாத துணி ஆலையில் வேலை பார்த்தவன். நான்கு கேள்விகள் கேட்கிறேன், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். காடா துணியைத் தைப்பதற்கு முன் என்ன செய்தீர்கள்? தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினீர்களா, சொட்டுச் சொட்டாகவா? ஊற்றிய பிறகு மேலே எடை ஏதாவது வைத்தீர்களா? மேலடுக்கின் ஓரமும் ஓவர்லாக் தையலுக்குள் மாட்டியிருக்கிறதா?

இன்னொன்று. ஒரு துண்டு காடா துணியைத் தட்டையாகப் பிடித்து, விரல் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது மறைய எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று பாருங்கள்.

பவானிக்கரை

ஐயா, துணியைத் தண்ணீரில் ஒருமுறை அலசிக் காயவைத்துத்தான் வெட்டினோம். தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினோம். எடை வைக்கவில்லை. மேலடுக்கு ஓவர்லாக்குக்குள்தான் போகிறது, அப்போதுதான் பிரியாமல் இருக்கும் என்று.

சொட்டு விட்டுப் பார்த்தேன். இருபது எண்ணினேன். சேம்பு இலையில் நிற்பதுபோல உருண்டு அப்படியே நிற்கிறது. துணியைச் சாய்த்தால் ஓடுகிறது. எட்டு மாதமாக இந்தத் துணியைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறோம்!

இழைமானி

அங்கேதான் முதல் கோளாறு. தறியிலிருந்து வரும் காடா துணியில் இரண்டு பொருள் இருக்கின்றன. ஒன்று, பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சி. மற்றொன்று, பருத்தியின் சொந்த மெழுகு. பருத்தி நார் காயில் இருக்கும்போதே மேலே மெல்லிய மெழுகுப் படலத்தோடுதான் வளர்கிறது. அந்த மெழுகு வெறும் தண்ணீருக்குப் போகாது. வாஷிங் சோடா போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். மருத்துவமனைப் பஞ்சு நீரில் போட்டதும் மூழ்குகிறது, தலையணைப் பஞ்சு மிதக்கிறது. இரண்டும் பருத்திதான். வேறுபாடு இந்தக் கொதிப்பில் இருக்கிறது.

இரண்டாவது கோளாறு அடுக்கு வரிசையில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

துணிக்குள் திரவம் போவது விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரிதான். இழைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகள் இழுக்கின்றன. பள்ளியில் நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்போம். இடுக்கு குறுகலாக இருந்தால் இழுவிசை அதிகம், ஆனால் திரவம் மெதுவாகப் போகும். அகலமாக இருந்தால் வேகமாக வாங்கும், ஆனால் பிடிப்பு குறைவு, அழுத்தினால் விட்டுவிடும். எனவே திரவம் அகன்ற இடுக்கிலிருந்து குறுகிய இடுக்குக்குத் தானாகவே போகும். குறுகியதிலிருந்து அகன்றதற்கு எளிதில் போகாது.

இப்போது உங்கள் நாப்கினைப் பாருங்கள். மேலே நெருக்கமாக நெய்த காடா, அதாவது குறுகிய இடுக்கு. கீழே வளையம் வளையமாகத் துவாலைத் துணி, அகன்ற இடுக்கு. வரிசை தலைகீழாக இருக்கிறது. மேலடுக்கு வாங்கிய ஈரத்தைக் கீழே தராமல் தனக்குள்ளேயே பக்கவாட்டில் பரப்புகிறது. பரவிக்கொண்டே போனால் ஓவர்லாக் தையல் வருகிறது. அங்கே முறுக்கிய நூல், அழுந்திய துணி, எல்லாம் குறுகிய இடுக்குகள். அது ஒரு திரிபோல நாப்கினைச் சுற்றி ஓடுகிறது. அங்கே வந்த ஈரம் அடுத்து உள்ளாடைக்குப் போகும்.

கடையில் விற்கும் நாப்கினைப் பிரித்தால் இந்த வரிசை தெளிவாகத் தெரியும். மேலே பாலிபுரோப்பிலீன் நெய்யாத துணி அல்லது துளையிட்ட மெல்லிய ஏடு. அது தான் குடிக்காது, வழிவிடும். அதன்கீழே பொதுபொதுவென்று ஒரு பட்டை, வந்ததை வாங்கி நீளவாக்கில் பரப்புவதற்கு. அதற்குக் கீழே மரக்கூழும் மீயுறிஞ்சு பாலிமர் தூளும் கலந்த நடுப்பகுதி, பிடித்துவைப்பதற்கு. கடைசியில் பாலித்தீன் அடித்தாள். வழிவிடுவது, பரப்புவது, பிடிப்பது, தடுப்பது என்று ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வேலை. துணியில் செய்தாலும் இந்த வரிசை மாறாது.

புதுவை ஊசி

பதினோரு ஆண்டுகளாகத் துணி நாப்கின் தைக்கிறேன். ஆரோவில்லில் எக்கோ ஃபெம் 2010 முதல் துணி நாப்கின் செய்கிறது. எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்துத்தான் பலருக்கு இந்தத் தொழிலில் ஆர்வம் வந்தது. இழைமானி அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. தையல்காரியாக நான் சேர்க்க வேண்டியது சில.

அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். உங்களுடையதில் ஓரத்தில் மட்டும்தான் தையல். நடக்கும்போது தொடை இரண்டும் நெருக்கும், நாப்கின் நடுவில் மடிந்து எழும்பும், மேலடுக்குக்கும் துவாலைக்கும் நடுவே காற்று புகுந்துவிடும். காற்றைத் தாண்டி ஈரம் இறங்காது. எனவே நடுவில் நீளவாக்கில் இரண்டு வரி தையல் போடுங்கள். குறுக்கே போடாதீர்கள், குறுக்குத் தையல் ஈரத்தை ஓரத்துக்கு அழைத்துப் போகும்.

அந்தத் தையல் அடிப் பூச்சுத் துணியில் படக்கூடாது. ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை. முதலில் மேலடுக்கையும் நடு அடுக்குகளையும் மட்டும் சேர்த்துத் தையுங்கள். பூச்சுத் துணியைப் பிறகு தனியாக ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஊசியும் பருமனானதாக வேண்டாம், 11-ஆம் எண் போதும். குண்டூசி குத்தி வைப்பதையும் விடுங்கள், துணிக் கிளிப் போடுங்கள்.

நூல் பருத்தி என்றால் பாலியெஸ்டருக்கு மாறுங்கள். இறக்கைகளை மேலடுக்கின் தொடர்ச்சியாக ஒரே துணியில் வெட்டுகிறீர்களா? அப்படியானால் ஈரம் இறக்கை வழியாக நேரே வெளியே போகும். இறக்கையைத் தனித் துணியில் வெட்டி ஒட்டுத் தையல் போடுங்கள்.

தேனி செவிலி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியாக இருக்கிறேன். நீங்கள் எதை ஊற்றிச் சோதித்தீர்கள் என்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

மாதவிடாயில் வெளியேறுவது வெறும் இரத்தம் அல்ல. ஏறக்குறைய பாதிதான் இரத்தம். மீதி கருப்பை உட்சவ்வின் துணுக்குகள், சளி போன்ற சுரப்புகள். தண்ணீரைவிடக் கொழகொழப்பானது, சிலருக்குக் கட்டிகளாகவும் வரும். ஒரு சுழற்சி முழுவதற்கும் இரத்த இழப்பு பலருக்கு 30 முதல் 40 மில்லிதான். 80 மில்லியைத் தாண்டினால் அதிக இரத்தப்போக்கு என்று மருத்துவரிடம் அனுப்புவோம். ஆக, ஒரு நாப்கின் ஒரே நேரத்தில் 60 மில்லி தாங்க வேண்டிய கட்டாயமே இல்லை. சில மில்லி வரும், நிற்கும், எழுந்து நடக்கும்போது சட்டென்று வரும். அந்தச் சட்டென்று வருவதை வாங்கத் தெரிந்தால் போதும்.

இந்தத் தவறு உங்கள் குழு மட்டும் செய்ததல்ல. அமெரிக்காவில் ஒரேகான் மருத்துவ ஆய்வாளர்கள் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாப்கின், கப், உள்ளாடை என 21 பொருள்களைத் தண்ணீருக்குப் பதில் மனித இரத்தச் சிவப்பணுக்களைக் கொண்டு சோதித்தார்கள். அதுவரை தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தண்ணீரையோ உப்பு நீரையோதான் ஊற்றிப் பார்த்துவந்தார்கள். நூறாண்டுக்கு மேலாகக் கடையில் விற்கும் ஒரு பொருளுக்கு இந்த அக்கறை 2023-இல்தான் வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

விழுப்புரம் குழு

நாங்கள் துணியில் செய்யவில்லை, மரக்கூழில் செய்கிறோம். சிறிய இயந்திரம், ஆறு பேர். எங்கள் கதையும் உதவலாம்.

மலிவு விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய கோவை முருகானந்தம் அவர்களின் வரலாறு இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். தொடக்கத்தில் பஞ்சை வைத்துச் செய்து தோற்றார். கால்பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தன் உடம்பில் கட்டிக்கொண்டு சோதித்தார். பெரிய கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது பருத்திப் பஞ்சு அல்ல, மரக்கூழ் என்று தெரிந்துகொள்ள அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2016-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கூழை உதிர்ப்பது, அச்சில் அழுத்துவது, மேல்துணி சுற்றி ஒட்டுவது, புற ஊதா ஒளியில் வைப்பது என்று அவர் பிரித்த படிகளைத்தான் நாங்களும் செய்கிறோம்.

எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. முதல் ஆண்டில் நாப்கின் இரண்டு மணி நேரத்தில் நடுவில் உடைந்து, கூழ் முன்னும் பின்னும் ஒதுங்கிவிடும். நடுவில் ஒன்றுமே இருக்காது. கூழ் சரியாக உதிராமல் பட்டாணி அளவில் கட்டிகள் கிடந்தன. கட்டிக்குள் ஈரம் போகாது, கட்டிக்குப் பக்கத்தில் வெற்றிடம். உதிர்க்கும் நேரத்தைக் கூட்டினோம். அழுத்திய கூழை மெல்லிய டிஷ்யூ தாளில் சுற்றி, அதன் பிறகு மேல்துணி போட்டோம். அதோடு உடைவது நின்றது.

புற ஊதா ஒளியை நம்பி நாங்களும் ஏமாந்தோம். அது படுகிற இடத்தில்தான் வேலை செய்யும், தடித்த நாப்கினின் உள்ளே போகாது. கை கழுவுவது, தலையை மூடுவது, கூழ்க் கட்டைத் தரையில் வைக்காமல் இருப்பது, இவைதான் உண்மையான காவல்.

பவானிக்கரை அக்கா, மனம் விட்டுக் கேட்கிறேன், நீங்கள் ஏன் மரக்கூழுக்கு வரக்கூடாது? துவைக்கிற வேலையைப் பெண்கள் தலையில் மறுபடி ஏற்றுகிறோமோ என்று எனக்கு உறுத்தல் இருக்கிறது. எங்கள் அம்மா காலத்தில் துணி வைத்துப் பட்ட பாடு கொஞ்சமா?

பவானிக்கரை

தம்பி, அந்தப் பாட்டை நானும் பட்டவள்தான். அந்தக் காலத்தில் அது கிழிந்த சேலை. மடித்துச் செருகினால் நிற்காது. இன்று தைப்பது அதுவல்ல. எங்கள் ஊரில் குப்பை வண்டி வாரம் ஒருமுறை வருகிறது. பயன்படுத்திய நாப்கின் வாய்க்காலில் மிதப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்கினோம். யாருக்கு எது வசதியோ அதை வைத்துக்கொள்ளட்டும். துணியைத் தேர்ந்தவளுக்குக் கசியாத துணி கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

விழுப்புரம் குழு

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. எங்கள் பக்கம் விற்பனையிலும் நெருக்கடிதான். 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜிஎஸ்டி நீக்கினார்கள், நல்லதுதான். ஆனால் கூழுக்கும் நெய்யாத துணிக்கும் கட்டும் வரியைத் திரும்பப் பெற முடியாது. சிறிய குழுவுக்கு அது கனமாகத்தான் இருக்கிறது.

கரிசல்

விருதுநகர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. அரசின் புது யுகம் திட்டத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு நாப்கின் வருகிறது. ஆனாலும் துணி பயன்படுத்தும் பிள்ளைகள் உண்டு. அவர்களோடு பேசிய அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் ஈரம் எப்படி உள்ளே போகிறது என்று பேசுகிறீர்கள். அது எப்படி வெளியே போகும் என்பதும் வடிவமைப்புதான். ஒரு பிள்ளை நாப்கினைத் துவைத்துப் பீரோவுக்குப் பின்னால் காயவைக்கிறாள். இன்னொருத்தி பாவாடைக்கு அடியில் மறைத்துப் போடுகிறாள். வெயிலில் போட வேண்டும் என்று நாம் சொல்வோம், அவளுக்கு முற்றத்தில் அண்ணனும் மாமாவும் இருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் தடித்த துவாலைத் துணி இரண்டு நாளானாலும் காயாது. ஈரம் ஆறாததையே மறுபடி வைத்துக்கொள்கிறாள்.

எனவே எவ்வளவு சீக்கிரம் காயும் என்று கேட்டுத் தையுங்கள். எல்லா அடுக்கையும் ஒன்றாகப் பூட்டி வைத்தால் நடு அடுக்கு கடைசியில்தான் காயும்.

புதுவை ஊசி

டீச்சர் சொன்னதற்கு ஒரு வழி இருக்கிறது. நடு அடுக்கை ஒரு நீளத் துணியாகத் தைத்து, ஒரு முனையை மட்டும் நாப்கினோடு பிடித்துவிடலாம். பயன்படுத்தும்போது மூன்றாக மடித்து உள்ளே செருகுவது, துவைத்தபின் நாக்குபோல வெளியே இழுத்து விடுவது. ஒற்றைத் துணியாகத் தொங்குவதால் அரை நாளில் காயும். கொடியில் பார்ப்பவர்களுக்கு அது கைக்குட்டை மாதிரிதான் தெரியும்.

ஆனால் நான் மேலே சொன்ன நடுத்தையல் இதில் முழுதாகப் போட முடியாது. மேலடுக்கோடு ஓர் அடுக்கை மட்டும் தைத்துவிட்டு மற்றதை உள்ளே செருக வேண்டும். பிடிப்பு கொஞ்சம் குறையும். எதற்கு எதை விடுவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இழைமானி

மேலடுக்கு பற்றி என் பரிந்துரை: மெல்லிய பாலியெஸ்டர் பின்னல் துணி. தான் குடிக்காது, வழிவிட்டுவிடும், தோல் உலர்ந்தே இருக்கும். ஈரம் திரும்பி மேலே வருவதும் குறையும்.

தேனி செவிலி

இதில் உங்களோடு உடன்பட மாட்டேன், ஐயா. தோல் உலர்ந்திருப்பது நல்லதுதான். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் வயலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும் பெண்ணுக்குச் செயற்கை இழை உரசி அரிப்பும் புண்ணும் வருவதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். சாயம் போகும் பூப்போட்ட துணியை மேலே வைப்பதும் அப்படித்தான். வெள்ளைப் பருத்தி போதும். கறை தெரியும் என்று பயந்து கறுப்புத் துணி போடுகிறார்கள். கறை தெரிந்தால்தான் சரியாக அலசினோமா என்று தெரியும், கட்டி வந்ததா, நிறம் மாறியதா என்பதும் தெரியும்.

இழைமானி

அம்மா, நீங்கள் பார்க்கும் புண்கள் பாலியெஸ்டரால் வந்தவையா, எட்டு மணி நேரம் மாற்றாமல் வைத்த ஈரத்தால் வந்தவையா? ஈரத்தில் ஊறிய தோல்தான் முதலில் உரியும்.

தேனி செவிலி

இரண்டும் சேர்ந்துதான். மாற்றுவதற்கு மறைவிடம் இல்லாத வேலையிடங்கள் இருக்கும்வரை இரண்டும் சேர்ந்தேதான் வரும். அதனால்தான் உரசாத துணியாவது வையுங்கள் என்கிறேன். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றச் சொல்கிறேன், அது நடப்பது கொஞ்சப் பேருக்குத்தான்.

புதுவை ஊசி

நடுவழி ஒன்று: கொதிக்கவைத்து மெழுகு நீக்கிய பருத்திப் பனியன் துணி. பின்னல் தளர்வாக இருப்பதால் இடுக்கு அகலம், மென்மை, உரசாது. பாலியெஸ்டர் அளவுக்கு உலர்ந்த உணர்வு வராது. என்னிடம் வாங்கும் பெண்களில் பெரும்பாலோர் பருத்தியைத்தான் கேட்கிறார்கள். பவானியிலிருந்து திருப்பூர் தொலைவில் இல்லை. வெட்டி மிஞ்சிய துண்டு வேண்டாம், ஒரே ரோலில் வாங்குங்கள். துண்டுக்குத் துண்டு சுருக்கம் மாறும்.

செங்காந்தள்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு வயது 78, சிறுநீர் அடக்க முடிவதில்லை. கடை டயப்பர் செலவு தாங்கவில்லை. இதே துணி நாப்கினைக் கொஞ்சம் பெரிதாகத் தைத்தால் ஆகுமா?

இழைமானி

நேர்மையாகச் சொன்னால், இரவுக்கு ஆகாது. சிறுநீர் ஒரே தடவையில் 200, 300 மில்லி வரலாம், வேகமாக வரும், தண்ணீரைப்போல ஓடும். துணி வாங்கினாலும் அழுத்தத்தில் பிழிந்துவிடும். அங்கே மீயுறிஞ்சு பாலிமர்தான் காக்கும். அந்தத் தூள் சுத்தமான நீரில் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு குடிக்கும். உப்பு கலந்தால் முப்பது முதல் அறுபது மடங்காகக் குறைந்துவிடும், சிறுநீரில் உப்பு இருக்கிறது. அப்படியும் ஜெல்லாகிப் பூட்டிக்கொள்வதால் உட்கார்ந்தாலும் திரும்ப வராது. இரத்தத்தில் அது இன்னும் தடுமாறும், அணுக்களும் புரதமும் தூளின் மேல் படிந்து வழியை அடைத்துவிடும்.

பகலில், அம்மா விழித்திருக்கும் நேரத்தில், அகலமான துணி நாப்கின் வைத்து இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரவுக்கு மட்டும் டயப்பர் வையுங்கள். செலவு பாதியாகும், தோலும் கெடாது.

செங்காந்தள்

நன்றி ஐயா. அம்மாவும் பகலில் துணிதான் வேண்டும் என்கிறார்.

இழைமானி

பவானிக்கரை அம்மாவுக்குச் சோதனை முறை எழுதிவிடுகிறேன். நாப்கினுக்கு 1980-இல் வந்த ஐஎஸ் 5405 என்ற இந்தியத் தரக்குறியீட்டில் உள்ள சோதனை எளிமையானது: நிறமேற்றிய நீரோ, உறையாமல் இருக்க ஆக்சலேட் சேர்த்த ஆட்டு இரத்தமோ 30 மில்லி, நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் நடுவில் விழ வேண்டும். பிறகு 1 கிலோ எடையை ஒரு நிமிடம் வைக்க வேண்டும். அடியிலும் பக்கத்திலும் ஈரம் தெரியக்கூடாது. 2019-இல் அதைத் திருத்தினார்கள். துவைத்துப் பயன்படுத்துவதற்கென்று ஐஎஸ் 17514 என்று தனிக் குறியீடு 2021-இல் வந்தது. விற்பனையைப் பெருக்குவதற்கு முன் அதை வாங்கிப் படியுங்கள்.

கசாப்புக் கடை இரத்தம் உறைந்துவிடும், வேண்டாம். நான் வீட்டில் செய்வது: ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு, 80 மில்லி கிளிசரின், கொழகொழப்புக்கு வடிகட்டிய ஜவ்வரிசிக் கஞ்சி கொஞ்சம், நிறத்துக்குப் பீட்ரூட் சாறு. இரத்தம் ஆகாது, தண்ணீரைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். மேசையில் தட்டையாக வைக்காதீர்கள். போர்வையைச் சுருட்டிக் கயிறு கட்டி, அதன்மேல் நாப்கினைக் குதிரைச் சேணம்போல வளைத்துப் போட்டு ஊற்றுங்கள். எடை எடுத்தபின் மடித்த டிஷ்யூ தாளை மேலே வைத்து அழுத்தி, முன்னும் பின்னும் தாளை நிறுத்துப் பாருங்கள். எவ்வளவு ஈரம் திரும்பி வருகிறது என்று தெரியும்.

பவானிக்கரை (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் வணக்கம். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு சுழற்சி முடியும்வரை காத்திருந்தேன்.

முதலில் பழைய நாப்கினையே போர்வைச் சுருளில் வைத்துச் சோதித்தோம். ஒன்பது பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். திரவம் நடுவில் விழுந்தது. கீழே இறங்கவே இல்லை. காடா துணியின் மேலேயே வட்டமாகப் பரவி, ஓரத்து ஓவர்லாக் நூலைத் தொட்டது. தொட்டதும் அந்த நூல் வழியாகச் சிவப்புக் கோடு ஒன்று எறும்பு ஊர்வதுபோல முன்னும் பின்னும் ஓடியது. எடைக்கல்லை வைப்பதற்கு முன்பே இடதுபக்க இறக்கையின் அடியில் சொட்டியது. பிரித்துப் பார்த்தால் துவாலைத் துணியின் இரண்டாம் மடிப்பு காய்ந்து கிடக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்கள் குழுவில் மூத்தவர், "உள்ளே இத்தனை இடம் இருந்தும் வெளியே அனுப்பியிருக்கிறோமே" என்றார். யாரும் வெகுநேரம் பேசவில்லை.

இப்போது செய்வது இதுதான். பனியன் துணியை வாஷிங் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலசுகிறோம். சொட்டு விட்டால் ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் மறைகிறது. அதன்கீழே துவாலைத் துணி ஒரே அடுக்கு, வாங்குவதற்கு. மேலடுக்கோடு சேர்த்து நீளவாக்கில் இரண்டு வரி தையல். அதற்கும் கீழே நெருக்கமான ஃபிளானல் மூன்று மடிப்பு, ஊசி அக்கா சொன்ன நாக்கு முறையில் வெளியே இழுக்கும்படி. பூச்சுத் துணி தனி. இறக்கை தனித் துணி. மேலடுக்கை ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளேயே நிறுத்திவிட்டோம், ஓவர்லாக்குக்குள் அது போவதில்லை. மொத்தத் தடிமன் முன்பைவிடக் குறைவு.

அதே 30 மில்லி, அதே 1 கிலோ. ஓரம் காய்ந்தே இருந்தது. டிஷ்யூ தாளில் ஈரம் கொஞ்சம் திரும்பியது. பழையதில் தாள் முழுவதும் நனைந்தது.

முதலில் 11 பேருக்கு மட்டும் கொடுத்தோம். 9 பேருக்குக் கசிவில்லை. 2 பேருக்கு இரவில், படுத்திருக்கும்போது பின்பக்கம் கசிந்திருக்கிறது. ஒருவர் மட்டும் நாக்கு உள்ளே சுருண்டுகொள்கிறது என்றார். செவிலி அக்கா, அரிப்பு யாருக்கும் இல்லை. டீச்சர், நாக்குத் துணி மேகமூட்டமான நாளில் காலையில் போட்டு மாலையில் காய்ந்துவிட்டது.

புதுவை ஊசி

சுருளுவதற்கு: மடிப்பின் மறுமுனையிலும் ஒரு சிறிய பிரஸ் பட்டன் வையுங்கள். உடம்பில் படாத பக்கமாக.

இழைமானி

மிக நல்ல வேலை, அம்மா. இரவுக் கசிவுக்கு நடு அடுக்கில் கை வைக்காதீர்கள், அது சரியாக இருக்கிறது. படுத்தால் திரவம் பின்னோக்கி ஓடும். இரவுக்குத் தனி அளவு வெட்டுங்கள், நீளம் 32 செ.மீ. வரை போகலாம். கூடுதல் நீளம் முழுவதும் பின்பக்கம் போகட்டும். பின்முனை விசிறிபோல அகலட்டும். நீளவாக்குத் தையலைப் பின்முனைக்கு இரண்டு விரற்கடை முன்பே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தையல் வழியே ஈரம் கடைசிவரை போய்விடும்.

கரிசல்

அந்தக் கல்லூரிப் பெண்?

பவானிக்கரை

அவள் வீட்டுக்கு நானே போனேன், டீச்சர். போர்வைச் சுருளில் பழையது கசிந்ததைச் செல்போனில் படம் பிடித்திருந்தேன். அதைக் காட்டி, "தப்பு எங்கள் தையலில்தான், உன்னிடம் இல்லை" என்றேன். ஓவர்லாக் நூலில் சிவப்புக் கோடு ஓடுவதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். புதியதில் இரண்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் இருக்கும் நாளில் முதலில் வைத்துப் பார்க்கிறேன், பஸ்ஸுக்கு அப்புறம் சொல்கிறேன் என்றாள்.

நாளை 32 செ.மீ. அட்டை வெட்டுகிறோம். விசிறி எவ்வளவு அகலம் வைப்பது, ஐயா?

இழைமானி

12 செ.மீ.-இல் தொடங்குங்கள். மூன்று அளவு வெட்டி மூன்றையும் சுருளில் வைத்துப் பாருங்கள். சுருளைச் சாய்த்து வைக்க மறக்காதீர்கள், நாப்கினின் பின்முனை தாழ்வாக.